பழைய ஸ்கேனரும் லினக்ஸும்

கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி வீட்டில் பர்மா லேவாதேவிக் கடைப் பேரேடுகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. தொட்டாலே காகிதம் உதிர்கிறது. தாளை உள்ளே இழுக்கிற ஸ்கேனரில் விட்டால் உருப்படியாக வெளியே வராது. கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கிற ஃபிளாட்பெட் ஸ்கேனர்தான் வேண்டும்.

அதிலும் இப்போது கிடைக்கிற மெல்லிய வகையில் பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார், அதாவது கண்ணாடிக்கு மிக அருகிலிருந்து படம் பிடிக்கிற வகை. கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிற எழுத்தை மட்டும்தான் தெளிவாகப் பிடிக்கும். தைத்த பேரேட்டின் நடுமடிப்போ கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஓரத்துத் தொகையெல்லாம் கலங்கிவிடும். உள்ளே லென்ஸ் வைத்த பழைய சிசிடி வகை அந்த இடைவெளியைத் தாங்கும்.

நல்லவேளையாக, அப்படிப்பட்ட கனத்த ஸ்கேனர் ஒன்று அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்தது. புது விண்டோஸுக்கு டிரைவர் இல்லை என்று கடைக்காரர் கைவிரித்தபின் அங்கே போய்ச் சேர்ந்ததாம். என் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு என்கிற லினக்ஸ். கொண்டுபோய்ச் செருகினேன். அதற்கு முன் அடியில் இருந்த பூட்டைத் திறந்துவிட்டேன். ஸ்கேனருக்குள்ளே விளக்கோடு நகர்கிற வண்டி பயணத்தில் ஆடாமல் பிடிக்கிற பூட்டு அது. திறக்காமல் ஓடவிட்டால் கரகரவென்று சத்தம்தான் வரும்.

லினக்ஸில் ஸ்கேனர் வேலையைப் பார்ப்பது சேன் (SANE) என்கிற மென்பொருள் தொகுப்பு. ஒவ்வொரு ஸ்கேனர் குடும்பத்துக்கும் அதில் ஒரு பேக்எண்ட், அதாவது டிரைவர், உண்டு; இதற்கு ஸ்னாப்ஸ்கேன். 'ஸ்கேன்இமேஜ்' கட்டளையைப் பட்டியல் கேட்டு ஓட்டினால் ஸ்கேனர் பெயர் ஒழுங்காக வந்தது. ஸ்கேன் செய்யச் சொன்னால் மட்டும் 'இன்வாலிட் ஆர்கியுமென்ட்' என்று நின்றது.

"புதுசே வாங்கிரலாமே தம்பி" என்றார் ஆச்சி. பொறுங்கள் ஆச்சி என்று, எங்கே தடுக்கிறது என்று விவரமாகக் காட்டும் டீபக் (debug) செய்தியைப் போட்டுப் பார்த்தேன். ஃபர்ம்வேர், அதாவது ஸ்கேனருக்குள்ளே ஓடுகிற மென்பொருள், இருக்கும் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று தெளிவாகச் சொன்னது. டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேர்தான் இல்லை. இந்த வகை ஸ்கேனர்களுக்கு ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினிதான் ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும். அது தயாரிப்பாளரின் சொத்து என்பதால் சேன் தொகுப்பில் சேர்த்துத் தருவதில்லை.

அப்புறம் அட்டைப்பெட்டியைக் குடைந்தோம். விண்டோஸ் டிரைவர் சிடி உறையோடு கிடைத்தது! (செட்டிநாட்டு வீடுகளில் எதையும் சட்டென்று எறிய மாட்டார்கள்.) சிடியில் சுருக்கிக் கட்டி வைத்திருந்த கேப் (.cab) கோப்புகளை 'கேப்எக்ஸ்ட்ராக்ட்' கொண்டு பிரித்தேன். என் மாடலுக்கு எந்த ஃபர்ம்வேர் என்பது சேன் ஆவணத்தில் இருக்கிறது. அந்தப் பெயருள்ள கோப்பைப் பொறுக்கி, 'யுஎஸ்ஆர், ஷேர், சேன், ஸ்னாப்ஸ்கேன்' அடைவில் போட்டேன். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை லினக்ஸ் விடாது. 'ஈடிசி' அடைவுக்குள் இருக்கும் ஸ்னாப்ஸ்கேன் அமைப்புக் கோப்பில் 'ஃபர்ம்வேர்' என்று தொடங்கும் வரியில் அந்தப் பாதையை எழுதிச் சேமித்து, ஸ்கேனரை அணைத்து மறுபடி போட்டேன். விளக்கு எரிந்து வண்டி நகர்ந்தது.

இப்போது எக்ஸ்சேன் என்கிற ஸ்கேன் செயலியில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கலரில் எடுக்கிறேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய மசியும் காகிதக் கறையும் ஒன்றாகிவிடுகின்றன. சேமிப்பது தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக. ஆச்சியின் பேரனுக்கு வாட்ஸப்பில் அனுப்ப மட்டும் ஜேபெக்.