தலைக்கு மேல் தொங்கும் எடை

ஹோம் தியேட்டர் பொருத்தப் போகும் வீடுகளில் பேச்செல்லாம் ஒலியைப் பற்றித்தான். எத்தனை வாட், எந்த ரிசீவர், அட்மாஸ் உண்டா என்று ஆர்வமாக விசாரிப்பார்கள். சுவர் எதனால் கட்டியது, மேலே இருப்பது கான்கிரீட்டா ஃபால்ஸ் சீலிங்கா என்று நான் கேட்கும்போதுதான் பதில் தயங்கி வரும். பல வருடங்களாக ஸ்பீக்கர்களைச் சுவரிலும் கூரையிலும் மாட்டும் வேலையில் இருக்கிறேன். இன்றைக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

மாட்டி முடித்த அன்று எந்த ஸ்பீக்கரும் விழாது. பிளக், அதாவது திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் சிறு குழாய், பூச்சுக்குள் மட்டும் பிடித்திருந்தாலும் அன்றைக்கு நிற்கும். கையால் இழுத்துப் பார்த்துவிட்டு "கல்லு மாதிரி இருக்கு" என்று வேலையை முடித்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனையை நான் நம்புவதே இல்லை. கை இழுப்பது சில நொடிகள். ஸ்பீக்கரின் எடை இழுப்பது இரவும் பகலும், வருடக்கணக்கில். அதோடு ஒவ்வொரு படத்துக்கும் அதிர்வு வேறு.

பசையால் ஒட்டினால் போதுமே, துளை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு விபத்தைச் சொல்வதுண்டு. 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சுரங்கச் சாலையின் மேற்கூரைப் பலகைகள் பெயர்ந்து கார் ஒன்றின் மேல் விழுந்தன. காரில் இருந்த பெண் இறந்துபோனார். அந்தக் கனமான கான்கிரீட் பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் எபாக்ஸி பசையால் கான்கிரீட்டில் பதிக்கப்பட்டவை. தொடர்ந்து இழுபட்டதில் பசை மெல்ல மெல்ல இளகி நீண்டு, போல்ட்டுகள் வெளியே நழுவிவிட்டன என்று விசாரணையில் தெரிந்தது. பொருத்தியபோது அவையும் உறுதியாகத்தான் இருந்தன. ஸ்பீக்கர் அவ்வளவு எடை இல்லைதான். ஆனால் அதற்குக் கீழே ஒரு சோபா இருக்கிறது, அதில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். இருபக்க டேப்பில் ஸ்பீக்கர் மாட்டச் சொன்னால், எவ்வளவு சிறிய ஸ்பீக்கராக இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

சுவரைத் தெரிந்துகொள்ள டிரில்லில் இருந்து வரும் தூளே பாதி வழி காட்டும். முதலில் வருவது பூச்சின் தூள். அப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் வந்து, பிட் நகர மறுத்தால் கான்கிரீட். வெள்ளையாக வந்து பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் காற்றடைத்த இலகு கல். திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் பிட் உள்ளே பாய்ந்தால் அது உள்ளீடற்ற கல். கடைசி இரண்டிலும் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் மட்டுமே துளை போட வேண்டும். இல்லாவிட்டால் துளை உள்ளுக்குள் உடைந்து அகன்றுவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், பக்கவாட்டிலும் துளை போடவே மாட்டேன். ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

பிளக் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1911 வாக்கில் இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் நாரால் ஆன பிளக்கை உருவாக்கினார். 1958-இல் ஜெர்மனியின் ஆர்த்தர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தார். தத்துவம் இன்றுவரை ஒன்றுதான்: திருகு உள்ளே போகப் போக பிளக் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது, அந்த உராய்வு எடையைத் தாங்குகிறது. அதனால் பிளக் விரியும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். பூச்சு 15 மி.மீ. இருந்தால் அந்த 15 மி.மீ.-ஐ நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிளக் முழுவதும் அதைத் தாண்டிக் கல்லுக்குள் உட்கார வேண்டும். துளைக்குள் தூள் தங்கியிருந்தாலும் பிடி குறையும். ஊதி எடுக்க அரை நிமிடம் போதும், இருந்தும் அதிகம் பேர் விட்டுவிடும் வேலை அதுதான்.

எடையைக் கேட்டதும் "நாலு கிலோதானே" என்று சொல்லிவிடுகிறார்கள். சுவரோடு ஒட்டி நின்றால் நாலு கிலோதான். கைபோல நீளும் பிராக்கெட்டில் மாட்டினால் கதை வேறு. ஸ்பீக்கர் சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி நிற்கிறது, பிராக்கெட்டின் மேல் திருகுக்கும் கீழ் திருகுக்கும் 8 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நாலை இருபதால் பெருக்கி எட்டால் வகுத்தால் பத்து. அதாவது மேல் திருகைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை பத்து கிலோ எடைக்குச் சமம். அதற்கு நாலைந்து மடங்கு தாங்கும் பிடிமானத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் எனக்கு நிம்மதி. கை குட்டையாகவும் தட்டு உயரமாகவும் உள்ள பிராக்கெட்டையே வாங்கச் சொல்வது இதனால்தான்.

ஜிப்சம் பலகைச் சுவரில் தகராறு வேறு மாதிரி. எடையைத் தாங்கும் சட்டங்கள் பலகைக்குப் பின்னால் 16 அல்லது 24 அங்குல இடைவெளியில் இருக்கும். ஸ்பீக்கர் வரவேண்டிய இடமோ இரண்டு சட்டங்களுக்கு நடுவில் போய் விழும். "ஆங்கிள் மாறினால் சவுண்ட் கெட்டுவிடுமே" என்று வீட்டுக்காரர் கவலைப்படுவார். அந்தக் கவலை தேவையில்லை. 5.1 அமைப்பின் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பக்க ஸ்பீக்கர்களுக்கு ஐடியூ என்ற சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை தருவது, கேட்பவரின் நேர் முன்பக்கத்திலிருந்து 100 முதல் 120 டிகிரி வரை ஒரு வரம்பு. கேட்பவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்கு 10 டிகிரி என்பது சுமார் 35 செ.மீ. சட்டங்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்தாலும், எந்தப் புள்ளியிலிருந்தும் அடுத்த சட்டம் 31 செ.மீ.-க்கு மேல் தள்ளி இருக்க முடியாது. ஆக 110 டிகிரியை மனதில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சட்டத்துக்கு நகர்த்தினால் ஒலி, உறுதி இரண்டுமே கிடைக்கும். தூர வித்தியாசத்தை ரிசீவர் தன் அளவீட்டில் சரிசெய்துகொள்ளும். வீடு கட்டும்போதே கூப்பிட்டால் பலகை மூடும் முன் உள்ளே பிளைவுட் அடித்துவிடலாம், அதைவிட நல்லது கிடையாது.

கூரையில் பொருத்தும்போது முழு எடையும் திருகை நேராகக் கீழே இழுக்கும். சுவருக்கான சாதாரண பிளாஸ்டிக் பிளக்கை அங்கே நான் பயன்படுத்துவதில்லை. கான்கிரீட்டில் உலோக ஆங்கர், அதாவது துளைக்குள் இறுகப் பிடிக்கும் உலோகப் பிடிமானம். ஃபால்ஸ் சீலிங் என்றால் மரையிட்ட கம்பியை மேலே உள்ள ஸ்லாபில் பிடித்து இறக்கி, அதில் மாட்டுவேன். சீலிங் ஓடு தன் எடையைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. ஒன்றை மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்: சில கட்டடங்களின் ஸ்லாபுக்குள் இழுத்து முறுக்கேற்றிய எஃகு வடங்கள் ஓடும். அவற்றில் ஒன்றை டிரில் தொட்டால் பெரிய ஆபத்து. அங்கே ஸ்கேன் செய்யாமல் துளை போடக் கூடாது.

எந்தக் கூரை ஸ்பீக்கருக்கும் பிராக்கெட்டோடு சம்பந்தமில்லாத இன்னொரு ஆங்கரில் மெல்லிய எஃகு வடம் ஒன்று கட்டிவிடுவேன். பிராக்கெட் கைவிட்டாலும் சில செ.மீ. இறங்கி அதில் தொங்கும். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் வேலை முழுவதையும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "தம்பி, நான் இங்கதான் படுப்பேன். இது விழாதே?" என்று கேட்டார். "விழாதும்மா" என்று சொல்லிவிட்டு ஏணியிலேயே நின்று அந்த வடத்தை இழுத்துக் காட்டினேன். அப்புறம், கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போடலாமா என்று நானே கேட்டேன். தள்ளிப் போட்டோம்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் மரையையும் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். பலவற்றில் கால் அங்குல மரை இருக்கும், அங்குலத்துக்கு 20 சுற்று. எம்6 என்ற 6 மி.மீ. திருகு பார்க்க அதே அளவாகத் தெரியும், ஒன்றிரண்டு சுற்று ஏறவும் ஏறும், ஆனால் மரை பொருந்தாது. தொட்டிலில் போட்ட குழந்தைக்குக் கயிறு பார்ப்பதுபோல இதைப் பார்க்கச் சொல்லித்தான் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போல்ட்டில் நைலான் பூட்டு நட் போடுவதும் பழக்கமாகிவிட்டது. பாஸ் அதிர்வில் சாதாரண நட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். பாடலில் இல்லாத ஒரு கரகரப்பு சுவர்ப் பக்கம் கேட்டால் உடனே திருகுகளைப் பார்க்கச் சொல்லி வைப்பேன்.

கிளம்பும் முன் பிராக்கெட் மூடாத நிலையில் எடுத்த படங்களை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன். சுவர் என்ன வகை, பிளக் எந்த அளவு, ஒயர் எந்தப் பக்கமாகப் போகிறது, வடம் எங்கே கட்டியிருக்கிறது என்று எல்லாம் எழுதியிருப்பேன். பெரிய ஸ்பீக்கர் வாங்கி அதே பிராக்கெட்டில் மாட்ட நினைக்கும் நாளில் அவருக்கோ, அவர் கூப்பிடும் வேறொரு ஆளுக்கோ அது தேவைப்படும்.