தாலி கட்டிய பிறகு கெட்டிமேளம்: ஒரு கேசட்டை ஒத்திசைய வைத்த கதை

அப்பா அம்மா கல்யாண கேசட் 1994-இல் எடுத்தது. மூன்று மணி நேர விஎச்எஸ், பரணில் கிடந்தது. பழைய விசிஆர் ஒன்றைத் தேடிப்பிடித்து, விசிஆரிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் கணினிக் கோப்பாக்குகிற, யூஎஸ்பியில் செருகும் மலிவான கேப்சர் குச்சி ஒன்றை வாங்கி, மடிக்கணினியில் ஓடவிட்டேன். முதல் நாள் அமைப்பில் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டதால் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே போனது, நம் ஊர் கேசட் எல்லாம் பால் (PAL) என்கிற டிவி முறை, வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படம், என்பது அப்புறம்தான் உறைத்தது. அதை மாற்றியதும் படம் வந்தது. 2 மணி 48 நிமிடம், பெரிய ஏவிஐ கோப்பு. ஆரம்பத்தைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து டிவியில் போட்டுக் காட்டினேன்.

முகூர்த்தம் வரும்போது அம்மாதான் சொன்னார், "என்னடா, தாலி கட்டி முடிச்சப்புறம் கெட்டிமேளம் கேக்குது?" அப்பா உடனே, "அன்னைக்கும் அப்படித்தான், மேளக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தி வாயசைக்கிறார், ஒரு வினாடிக்கும் மேல் கழித்துத்தான் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் வருகிறது.

முதல் வாரம் செய்தது எல்லாம் வீண் வேலை. விஎல்சி பிளேயரில் ஜே விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒலி 50 மில்லி வினாடி முன்னால் வரும், கே விசை பின்னால் தள்ளும். அழுத்தி அழுத்தி முகூர்த்தத்தைச் சரிசெய்தேன், ஆனால் அது பார்க்கும்போது மட்டும்தான், கோப்பில் எதுவும் மாறாது. அதனால் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவழி மென்பொருளில் மொத்த ஒலியையும் 1.3 வினாடி முன்னால் இழுத்து எழுதினேன். முகூர்த்தம் அருமை. ஆரம்பத்தில் மாப்பிள்ளை அழைப்பில் அத்தை வாயைத் திறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட்டார்.

இதில் இன்னொரு முட்டாள்தனமும் இருக்கிறது. ராத்திரி வேலை என்பதால் புளூடூத் ஹெட்செட் போட்டுக்கொண்டு சோதித்தேன். அந்த ஹெட்செட்டே ஒலியைக் கணிசமாகத் தாமதமாக்கும், சில பிளேயர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படத்தையும் நிறுத்திப் பிடிக்கும், சில பிடிக்காது. இரண்டு பிளேயரில் இரண்டு விதமாகக் கேட்டு, கோப்பில்தான் ஏதோ மர்மம் என்று ஒரு முழு ராத்திரியை விட்டேன். அதற்குப் பிறகு ஒரே முடிவு: காதால் அளப்பதில்லை, கண்ணால்தான். எடிட்டரில் கோப்பை ஏற்றி, கீழே ஒலி அலையைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, அடி விழுகிற ஃபிரேமுக்கும் அலை குத்திட்டு எழும் இடத்துக்கும் நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ண வேண்டும். ஒரு ஃபிரேம் என்றால் 40 மில்லி வினாடி.

எதை வைத்து அளப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்துக் கல்யாண கேசட்டில் பாதி நேரம் ஸ்டுடியோக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருப்பார், அங்கே ஒத்திசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மண்டபத்துச் சத்தம் அப்படியே இருக்கிற இடங்களில்தான் அளக்க முடியும். நாதஸ்வரம் இதற்கு உதவாது, ஊதத் தொடங்கும் கணம் முகத்தில் தெரியாது. தவில் அப்படியில்லை. வலக்கையில் விரல் கூடு, இடக்கையில் குச்சி, அந்தக் குச்சி தோலைத் தொடும் ஃபிரேம் பளிச்சென்று தெரிகிறது. தேங்காய் உடைப்பதும் நல்ல அடையாளம். பந்தியில் சாம்பார் வாளியைத் தரையில் டங்கென்று வைத்தவருக்கும் என் நன்றி.

அளந்தது இது. 6-ஆவது நிமிடத்தில் ஒரு ஃபிரேம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 40-இல் ஒலி 6 ஃபிரேம் பின்னால். 1 மணி 4 நிமிடத்தில் 10 ஃபிரேம். 1 மணி 36-இல் தேங்காய்: 27 ஃபிரேம். 2 மணி 8-இல் தாலி: 32. 2 மணி 40-இல் சாம்பார் வாளி: 37.

சரி, போகப்போகக் கூடுகிறது, அப்படியானால் ஒலியைச் சற்று வேகமாக ஓட்டினால் போதும் என்று கடைசிப் புள்ளியை மட்டும் வைத்து விகிதம் போட்டேன். 9,600 வினாடிக்கு 1.48 வினாடி. அதன்படி சுருக்கினேன். ஆரம்பம் சரி, முடிவு சரி, நடுவில் வினோதம்: 1 மணி 4-இல் ஒலி 0.2 வினாடி முந்துகிறது, 1 மணி 36-இல் அதே 0.2 வினாடி பிந்துகிறது! இதைப் பார்த்ததும்தான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் புள்ளிகளை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஒரே கோடு வரவில்லை. ஒரே சாய்வில் இரண்டு கோடுகள், நடுவே ஒரு குதிப்பு. அதாவது என்னிடம் இருந்தது ஒரு கோளாறு இல்லை, இரண்டு, இரண்டும் ஒலியை ஒரே திசையில் தள்ளியதால் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன.

குதிப்பு எங்கே என்று தேடினால், 1 மணி 20-ஐ ஒட்டி, முதல் நாள் சாயங்காலம் முடிந்து மறுநாள் காலை தொடங்கும் இடத்தில், டேப்பில் சில வினாடி வெற்றிடம். திரையில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல், ஒலியில் உஸ்ஸென்று சத்தம். அங்கே கேப்சர் குச்சிக்குப் படச் சைகை பிடிபடாமல் சில ஃபிரேம்களை விட்டுவிட்டது, ஒலியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏவிஐ கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி நேர முத்திரை கிடையாது, வினாடிக்கு 25 என்று தலைப்பில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். 12 ஃபிரேம் காணாமல் போனால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாப் படமும் 480 மில்லி வினாடி முன்னால் வந்துவிடும்.

சாய்வு வேறு விஷயம். குதிப்பைக் கழித்துவிட்டால் ஒலி மணிக்கு 375 மில்லி வினாடி பின்தங்குகிறது. படத்தின் நேரத்தை நடத்துவது கேசட்டிலிருந்து வரும் சைகை, ஒலியை எண்ணுவது குச்சிக்குள் இருக்கும் சின்னக் கடிகாரப் படிகம், இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒலியை வினாடிக்கு 48,000 தடவை அளப்பதாக (ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி) சொல்லிக்கொண்டு படிகம் கொஞ்சம் வேகமாக ஓடினால் கூடுதல் மாதிரி சேரும், அதைப் பிளேயர் 48,000 என்று நம்பி ஓட்டும்போது ஒலி நீளும். கணக்குப் போட்டால் என் குச்சி எடுத்தது வினாடிக்கு 48,005. வெறும் 5. அந்த ஐந்துதான் கடைசியில் ஒரு முழு வினாடியாகிறது.

கோளாறு புரிந்த பிறகு வேலை அரை மணி நேரம்தான். ஒலியை மட்டும் வேவ் கோப்பாகப் பிரித்தேன், 1.9 ஜிபி வந்தது. அடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து அந்த உஸ் சத்தத்துக்குள்ளேயே 480 மில்லி வினாடியை வெட்டி எறிந்தேன், இரைச்சலில் அரை வினாடி போனதை யாரும் கேட்கப்போவதில்லை. பிறகு எஃப்எஃப்எம்பெக்கில் ஏசெட்ரேட் என்ற வடிகட்டியால் "இது 48,005" என்று அறிவித்து, ஏரீசாம்பிளால் 48,000-க்கு மாற்றினேன். சுருதி மாறும் என்று பயமுறுத்துவார்கள், பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினால் எந்த வித்துவான் காதுக்கும் எட்டாது. சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும் ஏடெம்போவும் இருக்கிறது, ஆனால் அது ஒலியைத் துண்டுகளாக்கி ஒட்டுகிற முறை, இவ்வளவு சின்னத் திருத்தத்துக்கு எதற்கு. கடைசியாகப் படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து, புது ஒலியோடு எம்கேவியில் சேர்த்தேன். அசைவில் தெரியும் சீப்புக் கோடுகளை நீக்குவது, எச்.264 என்ற வீடியோ முறைக்குச் சுருக்குவது எல்லாம் இதற்கு அப்புறம்தான், முதலிலேயே சுருக்கியிருந்தால் ஒவ்வொரு சோதனைக்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

திரும்ப அளந்தேன். தேங்காய் 0, தாலி 0, வாளி ஒரு ஃபிரேம் பின்னால். அந்த ஒன்றை விட்டுவிட்டேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998 பரிந்துரைப்படி ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே மனிதருக்குத் தெரியத் தொடங்கும், பிந்தினால் 125 வரை தெரியாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரின் கை கீழே வந்த பிறகுதான் நமக்குச் சத்தம் கேட்கும், மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்குக்கூடத் தவில் கொஞ்சம் பிந்தித்தான் கேட்டிருக்கும். சத்தம் முந்தி வருவதை எங்கேயும் பார்த்துப் பழகியதில்லை. அதனால் இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் ஒலியைப் பின்பக்கமே விட்டுவைக்கிறேன்.

நடுவில் ஒரு கிளைக்கதை. அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்குத் தம்பி கைப்பேசியில் எடுத்த 12 நிமிட வீடியோவைக் கடைசியில் சேர்க்கலாம் என்று எடிட்டரில் போட்டால் அதிலும் ஒலி நழுவியது. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் பார்த்தால் ஃபிரேம் வேகம் மாறக்கூடியது என்று இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும், என் எடிட்டர் எல்லாவற்றையும் சீரான 30 என்று எண்ணிக்கொண்டது. வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்டை (மாறாத ஃபிரேம் வேகம்) தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிய பிறகு எடிட்டரில் போட்டேன், முடிந்தது. இங்கே ஒலியில் கைவைத்திருந்தால் இன்னும் ஒரு வாரம் போயிருக்கும்.

நேற்று அக்காவின் காதுகுத்து கேசட்டை ஏற்றினேன், 55 நிமிடம். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே காலண்டர் தாளில் எழுதி வைத்தேன்: அதே குச்சி, அதே படிகம், கடைசியில் 8.6 ஃபிரேம் பின்னால் இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் யாரோ குழந்தைக்குக் கைதட்டிக் காட்டுகிறார்கள். எண்ணினேன். 9. வழியில் குதிப்பு எதுவும் இல்லை. 48,005-ஐ அப்படியே போட்டேன், பொருந்திவிட்டது. அடுத்தது தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், அந்த கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது, விசிஆருக்குள் விடவே பயமாக இருக்கிறது.