கெண்டைக்கால் பிடிப்பும் ‘எச்’ என்ற ஓர் எழுத்தும்

இரண்டு மாதமாக ராத்திரித் தூக்கமே இல்லை. மூன்று மணிக்குக் கெண்டைக்கால் சதை உருண்டு திரண்டு கல் மாதிரி ஆகிவிடும், கால்விரல்கள் தானாகக் கீழ்நோக்கி மடங்கிக்கொள்ளும், வாய்விட்டுக் கத்திவிடுவேன். பிடிப்பு விட்ட பிறகும் மறுநாள் முழுக்க அடிபட்ட மாதிரி வலி இருக்கும்.

முதலில் போனது பக்கத்துத் தெரு கிளினிக். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஐந்து ஊசி, ஒரு மாதத்துக்குச் சத்து மாத்திரை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் செலவு. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் தேனியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். “பிரஷர் மாத்திரைங்க.” “பேரு?” “வெள்ளையா, சின்னதா இருக்கும்ங்க.” கையில் அட்டையும் இல்லை, பழைய சீட்டும் இல்லை. வீட்டில் கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. “அடுத்த வாரம் அட்டையோட வாங்கம்மா” என்று சொல்லி ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண்.

அடுத்த முறை அட்டையை நீட்டினேன். மருந்தின் பேருக்குப் பின்னால் இருந்த ‘எச்’ என்ற எழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரை அதிகம் பிரிக்கும் மருந்தும் அதில் சேர்ந்திருக்கிறதாம். மூன்று மாதம் முன்பு பிரஷர் இறங்கவில்லை என்று மாற்றிக் கொடுத்த மாத்திரை அது. தண்ணீரோடு சோடியம், பொட்டாசியத்தையும் அது வெளியேற்றிவிடும். எனக்குப் பொட்டாசியம் 3.1 இருந்தது, 3.5க்குக் கீழே போகக் கூடாது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை, பங்குனி வெயில், பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தது, எல்லாம் சேர்ந்துகொண்டது. மாத்திரையை மாற்றினார். மூன்று வாரத்தில் பிடிப்பு அடங்கியது.

இதைப் படித்துவிட்டு நீங்களாக பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் மாற்ற வேண்டும். இளநீர், வாழைப்பழம் நல்லதுதான், ஆனால் கிட்னிக் கோளாறு இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் ஆபத்து. தெரிந்தவர் ஒருவர், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை இதற்கும் கேட்கும், வாங்கிப் போடு என்றார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் கெடுக்கும் என்று டாக்டர் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

பிடித்த உடனே முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்கள் பக்கமாக இழுங்கள். கை எட்டாவிட்டால் பாதத்தில் துண்டைப் போட்டு இழுக்கலாம். படுக்கும் முன் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் முன்னால் சாய்வேன், காலுக்கு மூன்று தடவை. ஒரே கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் தைலம் தேய்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம்.

இன்னொன்று, மருந்துக்கடையில் பத்து மாத்திரையைக் கத்தரித்துத் தரும்போது பேர் அச்சடித்த பக்கம் நமக்கு வராமல் போகிறது. நான் இப்போது கடையிலேயே நின்று முழு அட்டையையும் போனில் படம் எடுத்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.