முதலில் ஆசிரியர்

தீவகத்துப் பாடசாலையொன்றில், வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பிய கணினிகளின் பொலித்தீன் உறைகள் இன்னும் கழற்றப்படாதிருப்பதை இன்று கண்டேன்.

அடுத்த வகுப்பறையில், கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அவரது இடத்துக்கு எவரும் வராததால், மாணவியொருத்தி கரும்பலகையில் செய்துகாட்டிய இருபடிச் சமன்பாட்டைப் பத்தாம் தரப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விடை சரியா என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை.

பெரு நாட்டின் கிராமப் பாடசாலைகளுக்கு மடிக்கணினி வழங்கியதன் பயனை ஆராய்ந்து 2012 இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் அடைவு உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றது.

கணினியும் வேண்டியதுதான். ஆயினும் நன்கொடை தருவோர், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதை முதலில் கேட்டறிந்து, தொண்டர் ஆசிரியர் ஒருவருக்கேனும் மாதாந்தக் கொடுப்பனவு வழங்க முன்வர வேண்டுமென்று வேண்டுகிறேன்.