மீனுக்குள்ள ஒரு முழு மீன்

ஃபாசில்னாலே எல்லாரும் டைனோசர் பின்னாடி தான் போறாங்க, எனக்கு என்னமோ ஒரு மீன் மேல தான் கிறுக்கு. அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல ஹேஸ்னு ஒரு ஊரு, அங்க ஸ்டெர்ன்பர்க் மியூசியத்துல இருக்கு. ஸிஃபாக்டினஸ்னு பேரு, சுமார் 14 அடி நீளம், புல்டாக் மாதிரி தூக்கின தாடை. இதெல்லாம் கூட பெருசில்லங்க, வயித்துப் பக்கம் பாருங்க, விலா எலும்புக்கு நடுவுல இன்னொரு மீன் தலையில இருந்து வால் வரைக்கும் முழுசா கிடக்கு, அது ஒரு 6 அடி! மெல்லல, கடிக்கல, அப்படியே லபக்குனு முழுங்கியிருக்கு. உள்ள போன மீன் கில்லிகஸ், ஒருவகையில இதுக்கு பங்காளி தான், ரெண்டும் ஒரே வகையறா.

கான்சாஸ்ல ஏது கடல் மீனுன்னு கேப்பீங்க. இப்ப அது கோதுமை வெளையுற பூமி, ஆனா 8 கோடி வருஷத்துக்கும் முன்னாடி மெக்சிகோ வளைகுடாவுல ஆரம்பிச்சு ஆர்க்டிக் வரைக்கும் வட அமெரிக்காவ ரெண்டா பொளந்துக்கிட்டு ஒரு கடல் கெடந்துச்சு, அதுல மெதந்த கண்ணுக்கே தெரியாத பாசிங்களோட சுண்ணாம்புத் தகடு லட்சக்கணக்கான வருஷமா அடியில படிஞ்சு படிஞ்சு சாக் பாறையா ஆயிடுச்சு. அந்த அடித்தரையில ஆக்சிஜன் கம்மி, பொணத்த இழுத்துத் திங்க வர்ற ஜீவனும் கம்மி, அதனால எலும்பு செதறாம தப்பிச்சுது.

1952ல இத தோண்டி எடுத்தவரு ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க். அவரோட அப்பா சார்லஸுக்கும் இதே வேலை தான், அவங்க வீட்டுக்கு இது குடும்பத் தொழில்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். உள்ள இருக்குற மீனோட எலும்பு ஜீரணமே ஆகல, அப்படின்னா முழுங்கின கொஞ்ச நேரத்துலயே பெரிய மீனும் காலி. சின்னது உள்ள போயி துடிச்சதுல பெருசோட உள்ளுறுப்பு ஏதோ கிழிஞ்சிருக்கலாம்னு சொல்றாங்க. எனக்கு அது கொஞ்சம் சினிமாத்தனமா தான் படுது, சதையே மிஞ்சாதப்போ கிழிஞ்சது எப்படித் தெரியும்? ஆனா முழுங்கின கையோட செத்துச்சுங்கிறதுல டவுட்டு இல்ல, அத எலும்பே சொல்லுது. பொதுவா ஒரு ஃபாசில பாத்தா இப்படி ஒரு ஜந்து இருந்துச்சு, இவ்ளோ பெருசுன்னு தெரியும், அதோட சரி. இங்க ஒரு சம்பவமே கல்லுல மாட்டிக்கிச்சு, யாரு யார தின்னா, அப்புறம் என்னாச்சுன்னு வரைக்கும்.

இன்னொன்னு, இதே ஸிஃபாக்டினஸ் வேற சிலதும் வயித்துல ஜீரணமாகாத இரையோட கெடைச்சிருக்கு. ஸோ இது ஒண்ணு மட்டும் அளவு தெரியாம முழுங்குச்சுன்னு சொல்ல முடியாது, அந்த இனத்துக்கே வாய் பெருசு போல.