சட்டைக் கையில் ஒரு 'டி': போர்க்கால அமெரிக்க ராணுவத்தின் டெக்னீஷியன்களும் அவர்களுடைய ஆயுதங்களும்

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத்தின் புகைப்படம் எது கிடைத்தாலும், அதில் இருப்பவர்களின் மேற்கையில் தைத்திருக்கும் பட்டைகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சிலருடைய பட்டைகளுக்குக் கீழே 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சமையல்காரர், தந்திக் கம்பி இழுப்பவர், டாங்கி ஓட்டுநர், ரேடியோ பழுதுபார்ப்பவர், மருத்துவ உதவியாளர், தட்டச்சர், மொழிபெயர்ப்பாளர் என்று போரில் தொழில் தெரிந்த கைகளாக இருந்தவர்களின் அடையாளம் அது. இந்தப் பதவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ராணுவம் இவர்களை என்னவாக நினைத்தது என்பதை அறிய, பட்டையை விட, ஒவ்வொரு பிரிவிலும் யாருக்கு எந்த ஆயுதம் என்று வரிசையாகச் சொல்லும் ஒதுக்கீட்டுப் பட்டியல்களைப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து.

முதலில் பதவியைச் சொல்லிவிடுகிறேன். 1942-க்கு முன்பு, தொழில் தெரிந்த சிப்பாய்க்கு முதல் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற தகுதி இருந்தது. அதற்குக் கூடுதல் சம்பளம் உண்டு. ஆனால் பதவி உயர்வு கிடையாது. மோட்டார் வாகனங்களையும் ரேடியோவையும் நம்பி இயங்கும் லட்சக்கணக்கானோர் கொண்ட ராணுவத்தை ஓரிரு ஆண்டுகளில் கட்டியெழுப்ப வேண்டியிருந்தபோது இந்த ஏற்பாடு போதவில்லை. 1942 ஜனவரியில் போர்த்துறை வெளியிட்ட சுற்றறிக்கை, டெக்னீஷியன் மூன்றாம் தரம், நான்காம் தரம், ஐந்தாம் தரம் என்று மூன்று புதிய பதவிகளை உருவாக்கியது. மூன்றாம் தரத்துக்கு ஸ்டாஃப் சார்ஜென்ட்டின் சம்பளம், நான்காம் தரத்துக்குச் சார்ஜென்ட்டின் சம்பளம், ஐந்தாம் தரத்துக்குக் கார்ப்பரலின் சம்பளம். அந்த ஆண்டின் ஊதியச் சட்டப்படி மாதத்துக்கு முறையே 96, 78, 66 டாலர். சாதாரணச் சிப்பாய்க்கு 50 டாலர்.

தொடக்கத்தில் இவர்களுக்குத் தனிச் சின்னம் இல்லை. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை நடத்திச் செல்லும் சார்ஜென்ட்டும், உருளைக்கிழங்கு வேகவைக்கும் நான்காம் தரச் சமையல்காரரும் ஒரே மூன்று பட்டையோடு நின்றார்கள். யார் கட்டளையிடலாம், யார் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் குழப்பம் வந்ததும், 1942 செப்டம்பரில் பட்டைகளுக்குக் கீழே 'டி' சேர்க்கப்பட்டது. ஐந்தாம் தரத்துக்கு இரண்டு பட்டையும் 'டி'யும். நான்காம் தரத்துக்கு மூன்று பட்டையும் 'டி'யும். மூன்றாம் தரத்துக்கு மூன்று பட்டை, அடியில் ஒரு வளைவு, இரண்டுக்கும் நடுவே 'டி'. ஒரே தரத்துக்குள் டெக்னீஷியன் ஒரு படி பின்னால்தான் வைக்கப்பட்டார். நேரில் கூப்பிடும்போது மட்டும் 'சார்ஜென்ட்', 'கார்ப்பரல்' என்றே அழைத்தார்கள். இதோடு 'டெக்னிகல் சார்ஜென்ட்' என்ற வேறொரு பதவியும் அன்று இருந்தது. அது ஸ்டாஃப் சார்ஜென்ட்டுக்கும் மேலே, மூன்று பட்டையும் இரண்டு வளைவும் கொண்டது; டெக்னீஷியன் தரங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குடும்பத்துப் பழைய காகிதங்களை வைத்துக்கொண்டு தாத்தாவின் போர்க்கதையை எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இனி ஆயுதத்துக்கு வருகிறேன். காலாட்படைச் சிப்பாயின் எம்-1 காரண்ட் ரைஃபிள் ஏறத்தாழ 4.3 கிலோ எடை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறவோ லாரியின் எஞ்சினுக்குள் குனியவோ முடியாது. அதற்காகப் பிஸ்டலை மட்டும் கொடுத்தால், பயிற்சி குறைந்த கையில் அது இருபது முப்பது கெஜத்துக்கு அப்பால் பயன்படாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஆயுதம் வேண்டும் என்று தேடியதன் விளைவாக 1941 அக்டோபரில் ஏற்கப்பட்டதுதான் எம்-1 கார்பைன் என்ற குட்டையான, இலகுவான துப்பாக்கி. எடை சுமார் 2.4 கிலோ, மேகஸினில் 15 தோட்டா. முன்வரிசைக்குப் பின்னால் வேலை செய்கிறவர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்திலேயே அது வடிவமைக்கப்பட்டது. அறுபது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். செய்த நிறுவனங்களின் பட்டியலே சுவையானது: ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு, ஐபிஎம், பாட்டுப் பெட்டி செய்யும் ராக்-ஓலா, தட்டச்சு இயந்திரம் செய்யும் அண்டர்வுட். படைப்பிரிவு அலுவலகத்தில் அண்டர்வுட் இயந்திரத்தில் தட்டிக்கொண்டிருந்த ஐந்தாம் தர டெக்னீஷியனின் பக்கத்தில் அண்டர்வுட் கார்பைன் சாய்ந்து நின்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஷெர்மன் டாங்கியில் ஐந்து பேர். அவர்களில் ஓட்டுநர் பெரும்பாலும் நான்காம் தர டெக்னீஷியன். அந்த இரும்புப் பெட்டியின் நெருக்கத்தில் கார்பைன்கூட நீளம் என்பதால், முதலில் தாம்சன் சப்மெஷின் கன்னும் (பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் சிறிய துப்பாக்கி), பிறகு 1942 டிசம்பரில் ஏற்கப்பட்ட எம்-3 சப்மெஷின் கன்னும் டாங்கிக் குழுக்களுக்குப் போயின. எம்-3 தகட்டை அழுத்தி, வெல்டிங் செய்து, மலிவாகச் செய்த ஆயுதம். 30 தோட்டா கொள்ளும். செய்தது காரின் முகவிளக்கு தயாரித்துவந்த தொழிற்சாலை. வாகனங்களுக்குக் கிரீஸ் அடிக்கும் கருவியைப் போலவே இருந்ததால் சிப்பாய்கள் அதற்கு 'கிரீஸ் கன்' என்று பெயர் வைத்தார்கள். மெக்கானிக்குகளின் கைக்குப் பொருத்தமான பெயர்தான்.

களத்தில் தொலைபேசிக் கம்பி இழுத்துப் பழுதுபார்த்த தந்திக்காரர்களின் உண்மையான ஆயுதம் இடுப்பில் இருந்தது. பெல்ட்டில் மாட்டும் சிறிய தோல் உறை, அதில் ஒரு இடுக்கி, ஒரு மடக்குக் கத்தி. டிஎல்-29 என்ற அந்தக் கத்திக்கு இரண்டு அலகு: ஒன்று கூர்மையானது, மற்றது நுனியில் திருப்புளியாகவும் ஓரத்தில் கம்பியின் உறையைச் சுரண்டவும் உதவுவது. திருகாணியை அழுத்தித் திருப்பும்போது விரலின் மேல் மடங்கிவிடாதபடி, திருப்புளி அலகு மட்டும் உள்ளே ஒரு தகட்டில் பூட்டிக்கொள்ளும். பொருள்களைச் செய்தவர் வேலையைத் தெரிந்து செய்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவர்கள் சுமந்த சுமையும் சிறிதல்ல. வழக்கமான களத் தொலைபேசிக் கம்பி ஒரு மைலுக்கு ஏறத்தாழ 130 பவுண்டு, அதாவது 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எறிகணை விழுந்த இடமெல்லாம் அது அறுந்தது; அறுந்த இடத்தைத் தேடி இருட்டில் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போய் முடிச்சுப் போட்டவர்கள் இவர்கள். அப்போது தோளில் எதைத் தொங்கவிட்டாலும் இடைஞ்சல்தான்; அதனால் பலர் பிஸ்டலோடு போனார்கள்.

அதன் விலை என்ன என்பதை ராபர்ட் மேக்ஸ்வெல் என்ற ஐந்தாம் தர டெக்னீஷியனின் கதை காட்டுகிறது. மூன்றாவது காலாட்படை டிவிஷனின் ஏழாவது ரெஜிமென்ட்டில் தந்திக்காரராக இருந்தவர். 1944 செப்டம்பர் 7 அன்று பிரான்ஸின் பெசான்சோன் அருகே, முன்வரிசையை ஊடுருவி வந்த ஜெர்மானியர்கள் பட்டாலியனின் கண்காணிப்பு நிலையத்தைத் தாக்கினார்கள். மேக்ஸ்வெல்லிடமும் கூட இருந்த மூவரிடமும் .45 பிஸ்டல் மட்டுமே இருந்தது. எதிரே ஒரு பிளாட்டூன் அளவு ஆட்கள், இயந்திரத் துப்பாக்கி, 20 மில்லிமீட்டர் பீரங்கி. சண்டை சில இடங்களில் பத்து கெஜ தூரத்தில் நடந்தது. உள்ளே விழுந்த கையெறி குண்டின் மேல் மேக்ஸ்வெல் தன் கம்பளியோடு விழுந்து அதை மூடினார். நிரந்தர ஊனத்தோடு உயிர் பிழைத்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றார். ஓரிகானில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்திய அவர், 98 வயதில் 2019-ல் காலமானார். வீரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் குண்டின் மேல் விழுந்ததை எழுதுவார்கள். எனக்கோ அந்த நான்கு பிஸ்டல்கள்தான் உறுத்துகின்றன. தந்திக்காரர் நேருக்கு நேர் சண்டையிட நேராது என்று யாரோ ஒரு மேசையில் முடிவு செய்திருந்தார்கள்.

மருத்துவ உதவியாளர்களுக்கு ஐரோப்பாவில் அந்தப் பிஸ்டலும் இல்லை. கையில் செஞ்சிலுவைப் பட்டி, பலருடைய ஹெல்மெட்டிலும் செஞ்சிலுவை, இரு தோளிலிருந்தும் தொங்கும் இரண்டு பைகள்; அவற்றில் கட்டுத்துணி, புண் சீழ்பிடிக்காமல் தூவும் சல்ஃபா பொடி, மார்ஃபின் ஊசிகள். பசிபிக் தீவுகளில் அந்தச் சிலுவையே குறியாகிவிட்டதால், அதைக் கழற்றிவிட்டுக் கார்பைன் எடுத்துக்கொண்டவர்கள் பலர். ஜேம்ஸ் ஒகுபோ, ஜப்பானிய அமெரிக்கர்களைக் கொண்ட 442-வது படைப்பிரிவில் ஐந்தாம் தர மருத்துவ டெக்னீஷியன். அவருடைய குடும்பத்தை நாடு தடுப்பு முகாமில் வைத்திருந்தது. 1944 அக்டோபர் இறுதியில் கிழக்குப் பிரான்ஸின் காட்டில், எதிரி வரிசைக்கு நாற்பது கெஜம் வரை ஊர்ந்து சென்று இரண்டு நாளில் 25 பேருக்குச் சிகிச்சை அளித்தார். நவம்பர் 4 அன்று எரியும் டாங்கியிலிருந்து ஒருவரை வெளியே இழுத்தார். மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது 2000-ல். அவர் 1967-லேயே கார் விபத்தில் இறந்திருந்தார்.

சம்பளத்திலும் இவர்களுக்கு ஒரு வஞ்சனை நடந்தது. 1944 நடுவிலிருந்து, சண்டைக்களத்துக் காலாட்படை வீரருக்கான சின்னம் பெற்றவர்களுக்கு மாதம் பத்து டாலர் கூடுதலாக வந்தது. அதே குழியில் படுத்திருந்த மருத்துவ உதவியாளர் ஆயுதம் ஏந்தாதவர் என்பதால் அவருக்கு அந்தச் சின்னமும் இல்லை, பணமும் இல்லை. 1945-ல்தான் அவர்களுக்கென்று தனிச் சின்னம் வந்தது.

சமையல்காரர் கதையையும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் பிறந்த எரிக் கிப்சன், மூன்றாவது டிவிஷனின் முப்பதாவது ரெஜிமென்ட்டில் கம்பெனிச் சமையல்காரர், ஐந்தாம் தரம். 1944 ஜனவரி 28 அன்று இத்தாலியில், நேச நாட்டுப் படைகளின் ஆன்சியோ கரையிறக்கத்துக்குச் சில நாள் கழித்து, இசோலா பெல்லா அருகே, முதல்முறையாகச் சண்டையைப் பார்க்கும் புதியவர்கள் அடங்கிய ஒரு குழுவை நடத்திச் சென்றார். கையில் சப்மெஷின் கன். தன் ஆட்களுக்கு ஐம்பது கெஜம் முன்னால், அகலமான ஓர் ஓடைப் பள்ளத்தின் வழியே போனார். நான்கு எதிரி நிலைகளை அழித்தார், ஐவரைக் கொன்றார், இருவரைப் பிடித்தார். கடைசியில் தனியாக வளைவைத் தாண்டி உளவு பார்க்கப் போய்ச் சுட்டுக்கொண்டே இறந்தார். 'டி' எழுத்தின் பொருள் 'இவர் நடத்திச் செல்பவரல்லர்' என்பது. ஒரு குழுவையே நடத்திய சமையல்காரர் அந்த எழுத்தை அணிந்திருந்தார்.

ஆயுதப் பட்டியலில் இடம்பெறாத ஆயுதங்களும் உண்டு. 1944 ஜூலையில் நார்மண்டியின் மண்மேட்டு வேலிகள் டாங்கிகளை நிறுத்தியபோது, கர்ட்டிஸ் கலின் என்ற சார்ஜென்ட்டின் குழுவிலிருந்து வந்த யோசனைப்படி, கடற்கரையில் ஜெர்மானியர் நட்டிருந்த இரும்புத் தடைகளையே வெட்டியெடுத்து, டாங்கிகளின் முகப்பில் பற்களாகப் பொருத்தினார்கள். ஜூலை 25 அன்று தொடங்கிய பெருந்தாக்குதலுக்கு முன் நூற்றுக்கணக்கான டாங்கிகளில் அதைச் செய்து முடித்தவை படைக்கலப் பழுதுப் பிரிவுகளின் வெல்டிங் கைகள். அந்த வாரங்களில் அவர்களுடைய கார்பைன்கள் பெரும்பாலும் லாரியிலேயே கிடந்திருக்கும்.

ஜப்பானிய மொழி தெரிந்த டெக்னீஷியன்கள் வேறு விதம். மின்னசோட்டாவின் கேம்ப் சாவேஜ் மொழிப் பள்ளியில் பயின்று பசிபிக் முழுதும் பரவிய இரண்டாம் தலைமுறை ஜப்பானிய அமெரிக்கர்கள் கைதிகளை விசாரித்தார்கள், கைப்பற்றிய ஆவணங்களைப் படித்தார்கள். முன்வரிசைக்குப் போகும்போது அவர்களுக்குக் காவலர்கள் தேவைப்பட்டார்கள். காரணம், முகத்தைப் பார்த்துச் சொந்தப் படையினரே சுட்டுவிடக் கூடாது என்பதுதான். அந்த ஆபத்துக்கு எந்தத் துப்பாக்கியும் உதவாது.

இத்தனைக்கும் பிறகு டெக்னீஷியன் பதவிகள் 1948 ஆகஸ்ட் 1 அன்று ஒழிக்கப்பட்டன. தொழில் தெரிந்தவருக்குச் சம்பளம் தர வேண்டும், கட்டளை அதிகாரம் தரக் கூடாது என்ற பழைய சிக்கல் அப்படியே இருந்ததால், 1955-ல் 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயர் திரும்பி வந்தது. இம்முறை பட்டைகள் இல்லாமல், கழுகுச் சின்னத்தோடு. அதன் மேல்தரங்களும் 1985-க்குள் போய்விட்டன. இன்று எஞ்சியிருப்பது நான்காம் ஊதிய நிலையில் உள்ள ஸ்பெஷலிஸ்ட் ஒன்றுதான். பின்வரிசைக்காரர்களுக்கென்று 1941-ல் பிறந்த இலகு துப்பாக்கி என்ற யோசனையோ ராணுவம் முழுவதையும் பிடித்துக்கொண்டது: இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், அமெரிக்கக் காலாட்படைச் சிப்பாயிடமும் சமையல்காரரிடமும் ஒரே எம்-4 கார்பைன் இருப்பது படிப்படியாக வழக்கமாயிற்று.