மாங்காய்க் கணக்குக்கு ஆர் போட்ட அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாங்காய்க் கொள்முதல் கணக்கு பார்ப்பவன் நான். எந்த ஊர்க் காய், என்ன ரகம், எத்தனை டன், அன்றைய விலை என்ன என்று சீசனுக்குச் சீசன் எக்செல்லில் ஏறிக்கொண்டே இருக்கும். பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று ரகத்துக்கு ஒரு தாள். ஃபைலைத் தட்டிவிட்டு டீ குடித்து வந்தாலும் திறந்திருக்காது. புள்ளியியலுக்கென்றே உள்ள ஆர் (R) என்ற நிரல்மொழிக்கு மாறிவிடலாம் என்று தோன்றியது. 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கிய மொழி. லைசென்ஸுக்குப் பைசா செலவில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை. ஆரும் அதன் பேக்கேஜ்களும் கிடைக்கும் க்ரான் தளத்திலிருந்து ஆர், அப்புறம் ஆரில் எழுதி ஓட்ட வசதியான ஆர்ஸ்டூடியோ, இரண்டையும் இறக்கி ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டே போனால் முடிந்தது. ஆர் 4.2க்குக் கீழே மட்டும் போடாதீர்கள். 2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸிலும், தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் கையாளும் யூ.டி.எஃப்-8 குறியாக்கம் இயல்பாகியது. அதற்கு முன் ‘மா’ என்று எழுதியது திரையில் யூ, பிளஸ், எண் என்று குறியீடாக வந்து நிற்கும்.

என்னிடம் இருந்தது 4 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியதால் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்டிருந்தேன். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள் இறக்கும் இடத்தில், ஒரே கட்டளையில் ஆர் இறங்கிவிடும், ஆனால் கிடைப்பது 4.1.2. கணக்குப் போட அது போதும். ஆருக்குக் கூடுதல் வசதி தரும் பேக்கேஜ் போடும்போதுதான் இடிக்கும். இப்போதைய மேட்ரிக்ஸ் பேக்கேஜுக்கு ஆர் 4.4 வேண்டும், அதை நம்பி இன்னும் எத்தனையோ பேக்கேஜ்கள் இருக்கின்றன. ‘இந்த ஆர் பதிப்புக்கு இல்லை’ என்று வரும் செய்தியைப் பார்த்து நெட்டைத் திட்ட வேண்டாம். க்ரான் களஞ்சியத்தை உபுண்டுவில் சேர்த்து, அங்கிருந்து புது ஆர் எடுப்பதுதான் வழி. முதலில் அவர்களின் கையொப்பச் சாவியைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உபுண்டுவில் மென்பொருள் போடும் கருவியான ஆப்ட் அந்தக் களஞ்சியத்தை ஏற்காது. களஞ்சிய வரியில் வரும் பெயர் உங்கள் உபுண்டுவுடைய பெயராக இருக்கட்டும். 22.04க்கு ‘ஜாமி’, 24.04க்கு ‘நோபிள்’.

இதுவரை சுலபம். டேட்டாவை ஒழுங்குபடுத்தவும் படம் வரையவும் உதவும் டைடிவெர்ஸ் என்ற பேக்கேஜ் தொகுப்பைப் போடத் தொடங்கியதும்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறங்க ஆரம்பித்து, திரை முழுக்க எழுத்து ஓடி, லேப்டாப் விசிறி கத்தி, கடைசியில் ‘நான்-ஜீரோ எக்சிட் ஸ்டேட்டஸ்’, அதாவது தோல்வி, என்று நின்றது. ஓசூரில் டேட்டா வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்குப் போன் போட்டேன்.

“கடைசி வரியை விடுங்கண்ணா. மேலே போய்க்கிட்டே இருங்க, முதல்ல விழுந்தது எதுன்னு பாருங்க. அது கீழ விழுந்துதான் மத்ததெல்லாம் விழுந்திருக்கும்.”

மேலே தள்ளிக்கொண்டே போனால், கோடுகளுக்கு நடுவில் ‘ஆன்டிகான்ஃப் எர்ரர்’ என்ற தலைப்போடு ஒரு சிறு பகுதி. கர்ல் பேக்கேஜுக்கு வேண்டிய லிப்கர்ல் என்ற நிரல் நூலகம் கிடைக்கவில்லை, டெபியன், உபுண்டு என்றால் ‘லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ்’ போட்டுப் பார் என்று மருந்தின் பெயரையே எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அதற்குள் கோபமே போய்விட்டது. இவ்வளவு பொறுப்பாக எழுதப்பட்ட எர்ரரை நான் அரசு விண்ணப்பங்களில்கூடப் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். விண்டோஸுக்கும் மேக்குக்கும் க்ரான் தயாராக கம்பைல் செய்த, அதாவது கணினி நேரடியாக ஓட்டும்படி மாற்றிய, பேக்கேஜைக் கொடுக்கிறது. லினக்ஸுக்கு மூலநிரல்தான் வரும், கம்பைல் ஆவது நம் கணினியில். அதற்கு வேண்டிய ஹெடர் ஃபைல்கள் ‘டெவ்’ என்று முடியும் உபுண்டு பேக்கேஜ்களில் தனியாக இருக்கின்றன. லிப்கர்லோடு, ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’, ‘லிப்எக்ஸ்எம்எல்2-டெவ்’ இரண்டையும் போடுங்கள். படம் வரையும் பேக்கேஜ்களுக்கு ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்கள். இவற்றை முதலிலேயே ஆப்ட் மூலம் போட்டுவிட்டு ஆருக்குள் போனால் பாதி எர்ரர் வராது.

கம்பைல் செய்யும்போது பிரவுசரை மூடிவிடுங்கள். 4 ஜி.பி. ராமில் பெரிய சி++ பேக்கேஜ் ஒன்று ஓடினால் நினைவகம் நிரம்பி, ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். அது பேக்கேஜின் கோளாறு இல்லை. ராம் போதாதபோது டிஸ்கில் இடம் தரும் ஸ்வாப் ஃபைலைப் பெரிதாக்கினால் ஓடும். இதைவிட நல்ல வழி, ஆர்ஸ்டூடியோவை உருவாக்கும் பாசிட் நிறுவனத்தின் பொதுக் களஞ்சியத்தைப் பேக்கேஜ் இறங்கும் இடமாக வைத்துக்கொள்வது. அங்கே உபுண்டுவுக்கும் கம்பைல் செய்தது கிடைக்கிறது. என் லேப்டாப்பில் நிமிடக்கணக்கில் இழுத்த பேக்கேஜ்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஏறின.

அப்புறம் தமிழ். டேபிளில் ‘பெங்களூரா’ ஒழுங்காகத் தெரிந்தது. விலை வரைபடத்தைத் திரையில் பார்த்தபோதும் சரி. பி.டி.எஃப். ஆக்கியதும் தமிழ் இருந்த இடமெல்லாம் வெறும் புள்ளிகள், கூடவே வார்னிங் ஒரு கட்டு. ஆரின் வழக்கமான பி.டி.எஃப். வசதிக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. வரைபடத்தை ஃபைலாகச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளையில் டிவைஸ் என்ற இடத்தில் ‘கெய்ரோ_பிடிஎஃப்’ என்று கொடுத்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பி.என்.ஜி. படத்துக்கு ராக் பேக்கேஜ் போட்டு, ஆர்ஸ்டூடியோ அமைப்புகளில் படம் வரையும் முறையை (கிராஃபிக்ஸ் பேக்எண்ட்) ஏ.ஜி.ஜி. ஆக்கினேன்.

லேப்டாப்பில் எல்லாம் ஓடியதும் ஆபீசில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில், மற்றக் கணினிகளிலிருந்து பிரவுசர் வழியே ஆரைப் பயன்படுத்த உதவும் ஆர்ஸ்டூடியோ சர்வர் போட்டேன். பிரவுசரில் அந்தக் கணினியின் ஐ.பி. முகவரி, 8787 போர்ட், அவ்வளவுதான். உள்ளே போவது லினக்ஸ் பயனர் பெயரிலும் கடவுச்சொல்லிலும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கை அது ஏற்காது. இலவசப் பதிப்பில் ஒரு பயனருக்கு ஒரு செஷன்தான். கணக்குப் பிரிவு அக்காவும் நானும் ஒரே பெயரில் நுழைந்தபோது, “தம்பி, என்னை வெளியே தள்ளிட்டியே” என்று பக்கத்து மேசையிலிருந்து சத்தம் வந்தது. ஆளுக்கொரு பயனர் கணக்கு திறந்ததும் சண்டை தீர்ந்தது. கரண்ட் போய் வந்தாலும், கணினி ஆன் ஆனதும் சர்வர் தானாக எழுந்துவிடும். நினைவகத்தில் இருந்த டேட்டா மட்டும் போய்விடும், ஸ்கிரிப்டை மறுபடி ஓட்ட வேண்டும்.

ஆரை 4.4லிருந்து 4.5க்கு ஏற்றுபவர்களுக்கு ஒன்று. நாம் போட்ட பேக்கேஜ்கள் பதிப்பு எண் பெயரிலுள்ள ஃபோல்டரில் இருப்பதால் புது ஆர் காலி ஃபோல்டரோடுதான் திறக்கும். பழையது அழியவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் பேக்கேஜ் பெயர்களை ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலைக் கொடுத்து மொத்தமாகப் போட்டுவிடுங்கள்.